மனத்தின் கேடயங்களும் மருந்தறையின் பாடங்களும்

கல்வி உளவியல் என்னும் பெயரால் ஆசிரியப் பயிற்சி மாணவருக்குப் பாடமாக வைக்கப்படும் தமிழ் நூல்களில் இரண்டு இயல்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. மனிதன் தன் நடத்தையை எவ்வாறு கற்றுக்கொள்கிறான் என்று கூறுவது ஒன்று. தனக்கு ஒவ்வாத உண்மையிலிருந்து தன் மனத்தை எவ்வாறு காத்துக்கொள்கிறான் என்று கூறுவது மற்றொன்று. முன்னதில் பாவ்லவின் நாயும், தார்ண்டைக்கின் பூனையும், ஸ்கின்னரின் எலியும் வரும். பின்னதில் எட்டாத பழத்தைப் புளிக்குமென்று சொல்லிப்போன நரி வரும். மாணவர் இவற்றை மனனம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் பெற்று, பிறகு மறந்துபோவர்.

சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதியவளும், இப்பொழுது பி.எட். பயில்பவளுமான பெண்ணொருத்தி அண்மையில் இந்நூல்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு நம் இல்லத்துக்கு வந்தாள். சிவகாசியை அடுத்த சிற்றூரினள். தாயார் பல ஆண்டுகளாகப் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை பார்ப்பவர். அவ்வேலையின் கூலியில்தான் மகளின் படிப்பு நடைபெறுகிறது. கலைச்சொற்கள் சிலவற்றுக்கு விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தவள், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "அஜ்ரத், இதுல நாய் இருக்கு, பூனை இருக்கு, எலி இருக்கு. எங்கம்மா எந்தப் பக்கத்துல இருக்காங்க?" என்றாள்.

அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். அந்த இரண்டு இயல்களையும் நம் விருதுநகர் மாவட்டத்து மண்ணில் வைத்து உரைத்துப் பார்ப்பதும், அவை எவ்வளவு உண்மை கூறுகின்றன, எங்கே வாய்மூடி நின்றுவிடுகின்றன என்று ஆராய்வதும் நம் நோக்கம். நம் முன்னோரான இமாம்கள் இப்பொருள் பற்றி வகுத்தளித்த அளவுகோலையும் உடன்வைத்து நோக்குவோம்.

கற்றலின் கணக்கு

முதலில் கற்றல் இயலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க அறிஞர் தார்ண்டைக் 1898-ஆம் ஆண்டில் பூனைகளைக் கூண்டில் அடைத்து ஆராய்ந்தார். வெளியேறும் வழியைப் பூனை முயன்று தவறி, முயன்று தவறிக் கண்டுகொண்டது. இன்பம் தந்த செயல் நிலைபெறுகிறது, துன்பம் தந்த செயல் நலிகிறது என்னும் விளைவு விதி இதிலிருந்து பிறந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததும் இதனைச் சார்ந்ததே. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் பாவ்லவ், உணவோடு சேர்ந்து வந்த ஓசைக்கும் நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதைக் காட்டினார். இதனைத் தமிழ்ப் பாடநூல்கள் ஆக்கநிலையுறுத்தல் என்று வழங்குகின்றன.

1920-இல் வாட்சனும் அவருடைய உதவியாளர் ரோசலி ரேய்னரும் ஒரு வயது நிரம்பாத குழந்தை ஒன்றைச் சோதனைக்கு உட்படுத்தினர். வெள்ளெலியைக் கண்டு அஞ்சாதிருந்த அக்குழந்தை எலியைத் தொடும்போதெல்லாம், அதன் தலைக்குப் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அறைந்து பேரோசை எழுப்பினர். சில தடவைகளுக்குப் பின் குழந்தை எலியைக் கண்டாலே அலறியது. அவ்வச்சம் முயலுக்கும் உரோமம் அடர்ந்த பிற பொருள்களுக்கும் பரவியது. அதனைப் போக்குவதற்கு முன்பே குழந்தை அங்கிருந்து கொண்டுபோகப்பட்டுவிட்டது. ஊட்டிய அச்சத்தை எடுக்காமலே விட்டுவிட்ட அச்சோதனையை இன்று எந்தப் பல்கலைக்கழகமும் அனுமதிக்காது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1924-இல், மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி, முயலுக்கு அஞ்சிய வேறொரு சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அச்சத்தைப் போக்கிக் காட்டினார்.

இவ்விரு சோதனைகளையும் நம் பகுதியில் வைத்துப் பாருங்கள். பேரோசைக்கு அஞ்சுவது குழந்தையின் இயல்பு. வாட்சன் அதனையே மூலதனமாகக் கொண்டு புதிய அச்சத்தை உண்டாக்கினார். நம் சிவகாசி வட்டாரத்தில் நிகழ்வதோ இதற்கு எதிர்மாறு. வெடித்துப் பார்க்கும் ஓசை இங்கே அன்றாட ஓசை. தின்பண்டத்தோடும் பண்டிகையோடும் தாயின் கூலியோடும் சேர்ந்து வருகிற ஓசை. ஜோன்ஸ் அம்மையார் முயலைக் கொண்டு செய்ததை இவ்வூர் வெடியைக் கொண்டு, எவரும் திட்டமிடாமலே, தலைமுறைதோறும் செய்துவருகிறது. இங்கே வளரும் பிள்ளைக்கு வெடியோசை அச்சத்தின் அடையாளமன்று, அடுப்பெரிவதன் அடையாளம்.

இயற்கை அச்சம் இவ்வாறு தணிந்தபின் ஆலை தன் பாடத்தைத் தொடங்குகிறது. அறைக்கு நால்வருக்கு மேல் கூடலாகாது, மருந்தை அளவுக்கு மிஞ்சிக் குவித்துவைக்கலாகாது, கலந்த மருந்தைத் தேங்கவிடலாகாது என்றெல்லாம் விதிகள் உள்ளன. விதியைக் கைக்கொண்டால் வேலை மெதுவாகும். கூலியோ பெரும்பாலும் செய்து முடித்த எண்ணிக்கைக்குத் தக்கபடி. விதியை ஒருநாள் சற்றே மீறினால் என்ன நேரும்? பெரும்பாலும் ஒன்றும் நேராது. எண்ணிக்கை கூடும், மாலையில் கையில் கூடுதல் பணம் வரும். மறுநாளும் அப்படியே. ஆயிரம் நாள் அப்படியே. மீறலுக்குப் பரிசு அன்றன்றைக்குக் கிடைக்கிறது. தண்டனையோ எப்பொழுதோ ஒருநாள் வருகிறது. வரும்பொழுது, கற்றுக்கொள்வதற்கு ஆளில்லாமல் செய்துவிட்டுப் போகிறது.

குறித்த எண்ணிக்கைக்குக் குறித்த பரிசு என்னும் முறையில் உயிரினம் வெகுவேகமாகச் செயற்படும் என்பதைச் சோதனையால் நிறுவியவர் ஸ்கின்னர். தொழிற்சாலைகளின் எண்ணிக்கைக் கூலி இம்முறையைச் சேர்ந்ததே என்பதை 1953-இல் வெளியிட்ட தம் நூலில் அவரே எடுத்துக்காட்டினார். ஆகவே மருந்தறையில் விரையும் கைகளை அறியாமையின் கைகள் என்பது பிழை. அவை நன்றாகக் கற்றுத் தேறிய கைகள். ஆனால் கற்பிக்கப்பட்ட பாடம் தவறானது. "விழிப்புணர்வு ஊட்டுக" என்று ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் எழும் கூக்குரல் இவ்விடத்தில்தான் பொருளற்றுப் போகிறது. ஆண்டுக்கு ஒருமுறை சொல்லிக்கொடுக்கும் பாடம், அன்றாடம் கூலி கொடுத்துக் கற்பிக்கும் பாடத்தை வெல்வதில்லை.

இவ்வளவு தூரம் விளக்கியதற்காக அக்கொள்கைகளுக்கு நன்றி கூறலாம். ஆனால் ஒரு குறையைச் சுட்டாமல் விடுவதற்கில்லை. ஸ்கின்னரின் பெட்டிக்குள் இருக்கும் எலியைப் பற்றிப் பாடநூல் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. பெட்டியைச் செய்தவர் யார், பரிசின் அளவை நிருணயித்தவர் யார் என்று கேட்பதில்லை. சோதனைக் கூடத்தில் அக்கேள்வி தேவைப்படாமல் இருக்கலாம். வானம் பார்த்த கரிசல் பூமியில், மழை பொய்த்தால் மாற்றுத் தொழில் அரிதாயிருக்கும் ஊர்களில், அக்கேள்வியே முதற்கேள்வி. 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் இட்ட வித்திலிருந்து வளர்ந்தது இத்தொழில் நகரம். 1940-களில் பட்டாசுத் தொழிலும் உடன் வேரூன்றியது. வறண்ட பூமியில் பல்லாயிரம் அடுப்புகள் எரிவதற்கு அது காரணமாயிற்று என்பதை எவரும் மறுக்கலாகாது. அதனாலேயே, பரிசின் விதியை வகுப்பவர் யார் என்னும் கேள்வி இங்கே கனம் மிகுந்ததாகிறது.

மனத்தின் கேடயங்கள்

எலி சாக்குச் சொல்வதில்லை. மனிதன் சொல்கிறான். அதனால் இரண்டாவது இயல் தேவைப்படுகிறது.

வேண்டாத நினைவையும் உணர்வையும் மனம் எதிர்த்து நின்று தன்னைக் காத்துக்கொள்கிறது என்னும் கருத்தை வியன்னா மருத்துவர் ஃபிராய்டு 1894-இல் எழுதிய கட்டுரையொன்றில் முன்வைத்தார். அவர் மகளார் அன்னா ஃபிராய்டு 1936-இல் வெளியிட்ட நூலில் அக்காப்பு முறைகளை வகைப்படுத்தி விளக்கினார். நம் பாடநூல்களில் அவை தற்காப்பு நடத்தைகள் என்ற தலைப்பில் வருகின்றன. கண்ணெதிரே உள்ள ஆபத்தை இல்லையென்பது மறுத்தல். செய்துவிட்டதற்குப் பிறகு காரணம் தேடுவது நியாயம் கற்பித்தல். தன் குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றுவது புறத்தேற்றம். ஓரிடத்துச் சினத்தை வேறிடத்தில் காட்டுவது இடமாற்றம். தாழ்ந்த உந்துதலை உயர்ந்த பணியாக மாற்றிக்கொள்வது உயர்மடைமாற்றம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையைச் சொல்லி வளர்ந்த நமக்கு இவை புதியனவல்ல.

இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நம் மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றை நோக்குவோம். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிபட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 38-க்குக் குறையாத உயிர்கள் போயின. உதவ ஓடியவர்களும் பார்க்க வந்தவர்களும் அவர்களுள் பலர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மாண்டனர். 2024 மே 9-இல் செங்கமலப்பட்டியில் 10 பேர். 2025 ஜூலை 1-இல் சின்னக்காமன்பட்டி. இடையிடையே நிகழ்ந்தவற்றை எழுதப் புகுந்தால் இப்பக்கம் கொள்ளாது.

ஒவ்வொரு முறையும் என்ன எழுதப்படுகிறது? "உராய்வு ஏற்பட்டு வெடிவிபத்து நிகழ்ந்தது" என்பதே. இவ்வாக்கியத்தில் எழுவாய் எது? உராய்வு. உராய்வு தானே நடந்து வந்து மருந்தறைக்குள் புகுந்ததுபோல ஒலிக்கிறது வாக்கியம். உள்குத்தகைக்கு விட்டவர் இல்லை, அறைக்கு நால்வர் என்றிருக்கப் பன்மடங்கு ஆளைக் கூட்டியவர் இல்லை, பண்டிகைக்குள் சரக்கு வேண்டுமென்று நெருக்கியவர் இல்லை. மொழியே இங்கு மறுத்தலைச் செய்துவிடுகிறது. இலக்கணம் கற்றோர் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி இது. உயிர் போக்கும் பொடிக்கு நம் தமிழ் 'மருந்து' என்றே பெயர் வைத்திருக்கிறது. பிணி தீர்ப்பதற்கும் பிணமாக்குவதற்கும் ஒரே சொல்! நாள்தோறும் அச்சொல்லை வழங்கும் நாவுக்கு அப்பொருளின் கொடுமை எவ்வாறு உறைக்கும்?

குழந்தைத் தொழிலாளர் காலத்தையும் எண்ணிப் பார்க்கலாம். "பிஞ்சு விரல்கள்தாம் இவ்வேலைக்குப் பொருத்தம்", "வீட்டிலிருந்தால் கெட்டுப்போவான்", "நாலு காசு வந்தால் குடும்பத்துக்குத்தானே" என்றெல்லாம் அன்று பேசினோம். பேசியவர் கொடியவரல்லர், நம்மைப் போன்றவர்களே. நியாயம் கற்பித்தல் என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எந்த மேனாட்டு நூலிலும் இல்லை. 1986-இல் சட்டம் வந்தது. 1990-இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப் படத்தில் அக்குழந்தைகளை உலகின் முன் நிறுத்தினார். 1996 டிசம்பர் 10-இல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பிஞ்சு விரல் நியாயம் அதன்பிறகு மெல்ல மெல்ல ஒலி குன்றியது. அது மனமாற்றத்தால் மட்டும் நேர்ந்ததன்று. நியாயத்துக்கு விலை வைக்கப்பட்டதும் ஒரு காரணம். கற்றல் இயலும் காப்பு இயலும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இது.

ஆயினும் இவ்வியலின் பெருங்குறை இங்கேதான் வெளிப்படுகிறது. பாடநூல் காப்பு முறைகளை வகைபிரித்து அடுக்குகிறது. யாருடைய காப்பு, யாருக்குப் பயன் என்று கேட்பதில்லை. விடியற்காலையில் தூக்குவாளியோடு ஆலைப் பேருந்தில் ஏறும் பெண், "நமக்கு ஒன்றும் ஆகாது" என்று தன் மனத்துக்குச் சொல்லிக்கொள்கிறாள். அதுவும் மறுத்தல்தான். ஆலையின் ஏட்டில் நால்வரென்று எழுதிவிட்டு அறையை நிரப்புகிறவனும், "நம்மிடம் ஒன்றும் ஆகாது" என்கிறான். அதுவும் மறுத்தல்தான். நூலின்படி இரண்டும் ஒன்று. நம் நெஞ்சின்படி இரண்டும் ஒன்றாகுமா? அவள் அவ்வாறு சொல்லிக்கொள்ளாவிட்டால் அவள் கை நடுங்கும். மருந்தறையில் நடுங்கும் கையே ஓர் ஆபத்து. வேறு வழியில்லாதவளுக்கு அக்கேடயம் பிழைப்பின் கருவி. வழியுள்ளவனுக்கு அது பொறுப்பிலிருந்து தப்பும் வாசல். இவ்வேறுபாட்டைக் கூறாத உளவியல் பாதிக் கிணறு தாண்டிய உளவியல் என்பது நம் கருத்து.

இமாமவர்களின் அளவுகோல்

இங்கேதான் ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமுத்தீன்' நமக்குக் கைகொடுக்கிறது. அந்நூலின் மூன்றாம் பகுதி மனிதனை அழிப்பவை பற்றியது. அதில் நஃப்ஸைப் பயிற்றுவிப்பது பற்றி ஒரு கிதாபும், 'குரூர்' எனப்படும் தன்னேமாற்றம் பற்றி ஒரு கிதாபும் உள்ளன. நம் பாடநூலின் இரண்டு இயல்களையும் ஒருபுடை ஒத்தவை இவை.

பயிற்சி பற்றிய கிதாபில், வேட்டைப் பறவையைப் பழக்கும் முறையை இமாமவர்கள் உவமையாக்குகிறார்கள். பறவையை இருட்டில் அடைத்துப் பறக்கும் பழக்கத்தை மறக்கச் செய்து, பின்னர் இறைச்சி கொடுத்துத் தன்னோடு இணக்கி, அழைத்தால் வருமாறு செய்வதை எடுத்துரைக்கிறார்கள். எழுத்தழகன் ஆக விரும்புவோன் எழுத்தழகர் செய்வதைத் திரும்பத் திரும்பச் செய்தால் அத்திறம் அவன் இயல்பாகிவிடும் என்றும் காட்டுகிறார்கள். 'அல்முஸ்தஸ்ஃபா' என்னும் உஸூல் நூலில், பாம்பு தீண்டியவன் பலநிறக் கயிற்றைக் கண்டும் அஞ்சுவதற்குக் காரணம் கூறுகிறார்கள். துன்பத்தோடு சேர்ந்து கண்ட தோற்றம் தனித்து வந்தாலும் மனம் துன்பத்தையே எதிர்பார்க்கிறது என்பது அதன் சாரம். வாட்சனின் குழந்தை வெள்ளெலியைக் கண்டு அலறியதற்கும் இதற்கும் உள்ள ஒப்புமையை நாம் விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. "எல்லாம் நம் கிதாபுகளில் முன்பே சொல்லப்பட்டுவிட்டன" என்று மார்தட்டிக்கொள்வது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அதுவும் ஒரு காப்பு முறையே என்பதை மறத்தலாகாது. முன்னோர் புகழில் நம் இன்றைய சோம்பலை ஒளித்துக்கொள்கிறோம். இமாமவர்கள் பழக்கத்தின் ஆற்றலைக் கூர்ந்து நோக்கினார்கள். எந்த முறைப் பரிசு எவ்வளவு வேகத்தை உண்டாக்கும், எத்தனை நாளில் அச்சம் மறையும் என்று அளந்து பார்த்தவர்கள் பின்வந்த சோதனையாளர். அவர்கள் உழைப்புக்கு உரிய மதிப்பைக் கொடுப்பதே அமானிதம்.

இமாமவர்கள் அவர்களை விஞ்சி நிற்கும் இடம் வேறு. குரூர் பற்றிய கிதாபில் அவர்கள் தன்னேமாற்றத்தின் வகைகளை அடுக்குவதோடு நில்லாமல், ஏமாறும் மனிதர்களை வகுக்கிறார்கள். கற்றறிந்தோர் ஒரு பிரிவு, வணக்கசாலிகள் ஒரு பிரிவு, சூஃபிகள் ஒரு பிரிவு, செல்வர் ஒரு பிரிவு. ஒவ்வொருவருக்கும் அவரவர் நிலைக்கு ஏற்ற ஏமாற்றம் உண்டு. செல்வரைப் பற்றிப் பேசுகையில், அநீதியால் ஈட்டிய பொருளில் பள்ளிவாசல் எழுப்பித் தம் பெயரை அதில் பொறித்துக்கொள்வோரைச் சுட்டுகிறார்கள். ஏழையைத் தனிப் பிரிவாக வைத்து அங்கே விசாரிக்கவில்லை என்பதை ஊன்றி நோக்குக. பாடநூல் கேடயத்தைப் பார்க்கிறது. இமாமவர்கள் அதனை ஏந்திய கையைப் பார்க்கிறார்கள். நாம் மேலே கேட்ட 'யாருக்குப் பயன்' என்னும் வினாவுக்கு இங்கே வழி திறக்கிறது.

அவ்வழியின் மூலம் திருமறையிலேயே உள்ளது. நபி யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்கள் கொண்டுவந்த இரத்தக் கறை படிந்த சட்டையைக் கண்டதும், அவர்களின் நஃப்ஸு ஒரு செயலை அவர்களுக்கு அழகாக்கிக் காட்டிவிட்டது என்றே கூறியதாக யூசுஃப் அத்தியாயம் அறிவிக்கிறது. மனிதன் எத்தனை சாக்குகளை எடுத்துப் போட்டாலும் தனக்கெதிராகத் தானே சாட்சியாக இருக்கிறான் என்னும் கருத்து அல்கியாமா அத்தியாயத்தில் வருகிறது. மறுக்கும் மனத்துக்கு உள்ளேயே அறியும் மனமும் விழித்திருக்கிறது என்பது இதன் பொருள். தன்னைத் தானே நிந்திக்கும் அந்த மனத்தையே 'நஃப்ஸுல் லவ்வாமா' என்கிறோம்.

நம்முடைய பயான்

இனி, கற்றறிந்தோர் என்னும் முதற்பிரிவுக்கு வருவோம். அப்பிரிவில் நாமும் சேர்ந்தவர் என்பதால் இதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்தில் ஒரு வெடிவிபத்து நிகழ்ந்து உயிர்கள் போன வாரத்தில், ஜும்ஆப் பள்ளியொன்றில் பயான் செய்யும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. கத்ரு பற்றிப் பேசினோம். அஜல் வந்துவிட்டால் ஒரு கணமும் பிந்தாது என்றோம். சபூர் செய்வோர்க்குள்ள நற்கூலியை எடுத்துரைத்தோம். பலர் கண்ணீர் விட்டனர். பயான் சிறப்பாக அமைந்தது என்று நமக்கும் உள்ளூர ஒரு நிறைவு. பெண்கள் பகுதியிலிருந்து வெளியே வந்த ஓர் அம்மையார், நம் மாணவியின் தாயார்தான், ஸலாம் சொல்லிவிட்டு, "அஜ்ரத், நீங்க பேசுனது எங்களுக்கு ஆறுதலா இருந்துச்சு. ஆலைக்காரருக்கும் ரொம்ப ஆறுதலா இருந்திருக்கும்" என்று கூறிவிட்டுப் போனார்.

அவர் குரலில் கேலி இல்லை. அதனாலேயே அச்சொல் நம்மை இன்றளவும் விடவில்லை. நாம் பேசியதில் பொய் ஒன்றுமில்லை. கத்ரு ஈமானின் பகுதி. ஆனால் உண்மையையே கேடயமாக்க முடியும் என்பதை அன்று அறிந்தோம். வாரிசுக்கு ஆறுதலாகச் சொல்ல வேண்டியதை, காரணகர்த்தாவுக்கு விடுதலையாகவும் சொல்லிவிட்டோம். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலிருப்பதற்கு நமக்கும் ஓர் அழகிய காரணம் கிடைத்துவிட்டது. ஃபிராய்டின் மொழியில் இது நியாயம் கற்பித்தல். இமாமவர்களின் மொழியில் ஆலிமின் குரூர்.

நம் மார்க்கம் கத்ரை அவ்வாறு பயன்படுத்தக் கற்பிக்கவில்லை. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்னும் இடத்திலிருந்தே படையுடன் திரும்பினார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவ, அவனுடைய ஒரு கத்ரிலிருந்து மற்றொரு கத்ருக்கே செல்கிறோம் என்னும் கருத்தில் விடை பகர்ந்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியதையும் நாம் அறிவோம். நெருப்புப் பஞ்சை எரிப்பது இறைவன் அமைத்த வழக்கத்தாலேயன்றி நெருப்பின் சொந்த ஆற்றலால் அன்று என்று 'தஹாஃபுத்'தில் வாதிட்ட அதே இமாம் கஸ்ஸாலி அவர்கள், 'இஹ்யா'வின் தவக்குல் பற்றிய கிதாபில், சாய்ந்த சுவரின் கீழும், வெள்ளம் வரும் ஓடையிலும், கொடுவிலங்கு உலவும் நிலத்திலும் உறங்குவது விலக்கப்பட்டதென்று தீர்ப்புரைக்கிறார்கள். சாய்ந்த சுவரின் கீழ் உறங்குவதே விலக்கு என்றால், கூலிக்கு வந்தவரைச் சாய்ந்த சுவரின் கீழ் உட்காரவைப்பதற்கு என்ன தீர்ப்பு? அந்தக் கேள்வியை நாம் மிம்பரடியில் கேட்டிருக்க வேண்டும்.

அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை வள்ளுவர் கோழைமையில் சேர்க்காமல் அறிவுடைமை அதிகாரத்தில் சேர்த்தார் என்பதும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. நம் ஊர்களில் மங்கிப்போன அவ்வறிவை மீட்பதற்குப் பேச்சு மட்டும் போதாது. பரிசின் விதி மாற வேண்டும். எண்ணிக்கைக் கூலி இருக்குமிடத்தில் அவசரம் இருக்கும். அவசரத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு நிதானத்தை உபதேசிப்பது வீண். நாட்கூலியோ மாதச் சம்பளமோ நிதானத்துக்கும் இடங்கொடுக்கும். உள்குத்தகை ஒழிந்தால் கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார். விபத்துக்குப் பின் சில வாரம் கடுமை காட்டி ஓய்ந்துவிடும் சோதனை, ஓய்ந்தபின் மீறலாம் என்பதையே கற்பிக்கும்.

வாங்குவோரும் தப்ப முடியாது. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தபோது, காற்றைப் பற்றி நாடெங்கும் வாதம் நடைபெற்றது. மருந்தறையில் அமர்ந்திருந்தவரைப் பற்றி அத்துணைப் பேச்சில்லை. தீபாவளி கொண்டாடுவோர்க்கு மட்டும் இதைச் சொல்லி நாம் விலகிக்கொள்வது புறத்தேற்றமாகும். நம் கந்தூரிகளிலும் திருமண ஊர்வலங்களிலும் வாணவேடிக்கை இல்லையா? அண்ணாந்து பார்த்து வியக்கும் அக்கணத்தில், கீழே அதை அடைத்த கையை நினைப்பவர் நம்மில் எத்தனை பேர்?

பாடநூல் எழுதுவோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நாயையும் பூனையையும் நீக்க வேண்டுவதில்லை, அவை உண்மைகளே. அவற்றுக்கு அடுத்த பக்கத்தில் இந்நாட்டு மனிதரையும் வையுங்கள். தற்காப்பு நடத்தைகளை அடுக்கியபின், 'இக்கேடயத்தை ஏந்தியவர் யார், அதன் பின்னே மறைந்திருப்பது யாருடைய இழப்பு' என்று ஒரு வினாவைப் பயிற்சிப் பகுதியில் சேருங்கள். எண்ணற்ற பள்ளிகளில் நாளை பாடம் நடத்தப்போகும் ஆசிரியர் அவ்வினாவோடு வகுப்பறைக்குச் செல்வது நலம்.

அம்மா எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று கேட்ட மாணவிக்கு நாம் அன்று உடனே விடை கூறவில்லை. இவ்வளவையும் எழுதியபின் கூறினோம்: "அம்மா நாயின் பக்கத்திலும் இல்லை, நரியின் பக்கத்திலும் இல்லை மகளே. அன்று பள்ளிவாசல் வாசலில் நம் கேடயத்தை விலக்கிப் பார்த்தது அவர்தாம். நூலில் அந்தப் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை." அவள் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அம்மா இன்னிக்கும் வேலைக்குத்தான் போயிருக்காங்க, அஜ்ரத்" என்றாள்.

வல்ல நாயன் அவ்வம்மையாரையும், அவரைப் போல் காலையில் செல்லும் அனைவரையும் மாலையில் நலமே வீடு சேர்ப்பானாக. நம் நாவுக்கு ஆறுதல் சொல்லும் இனிமையோடு, கேள்வி கேட்கும் துணிவையும் அருள்வானாக. ஆமீன்.